முடக்கப்பட்ட நூற்றிருபது கதிரைகள்

வவுணதீவில் ஒரு வீட்டில் உயிர் போனால் முதல் அழைப்பு நல்லரத்தினத்துக்குத்தான் போகும். சொந்தக்காரருக்கு அறிவிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. வருகிறவர்கள் இருக்கக் கதிரை வேண்டுமே. அவரிடம் வாடகைக்கு விட முந்நூற்று எண்பது பிளாஸ்டிக் கதிரைகள், ஒன்பது தகரப் பந்தல்கள், சோறு காய்ச்சும் கிடாரங்கள் ஆறு, இவற்றை ஏற்றி இறக்க ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் எல்லாம் இருந்தன. வயல்வட்டையில் வேளாண்மை வெட்டு முடிந்ததும் கலியாணங்கள் தொடங்கும். அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் சாப்பிட்டது குறைவு.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்தது தற்செயலாக. சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் இரவுக் காவலாளியாக இருந்தார். நிறுவனம் ஒருநாள் அவசரமாகப் பெட்டியைக் கட்டியபோது கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக நாற்பது நீலக் கதிரைகளைக் கொடுத்துவிட்டுப் போனது. வீட்டு முற்றத்தில் நாற்பது கதிரைகளைப் பார்த்த மனைவி சீதேவிப்பிள்ளை, "நாம ரெண்டு பேர்தானே?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரமே பக்கத்துத் தெருவில் ஒரு பெண் பிள்ளை பெரியவளானாள். தொழில் தொடங்கிவிட்டது.

கதிரையில் யார் இருக்கப் போகிறார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கோயில் கூட்டத்துக்கும் கொடுப்பார், மாதா திருநாளுக்கும் கொடுப்பார். காலையில் ஆளும் கட்சி இருந்த கதிரைகளில் பின்னேரம் எதிர்க்கட்சி வந்து இருக்கும். இராணுவ முகாமின் வெசாக் பண்டிகைக்கும் அவருடைய கதிரைகள்தான் போயின.

சென்ற ஆண்டு பங்குனியில் தபால்கார மயில்வாகனம் இறந்தார். முப்பத்திரண்டு வருடம் சைக்கிளில் ஊர் ஊராகக் கடிதம் கொடுத்த மனிதர். கூட்டம் வரும் என்று தெரிந்து நல்லரத்தினம் நூற்றிருபது கதிரைகளை இறக்கினார். வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்தது. எட்டாம் நாள் சடங்குவரை வேண்டும் என்று கதிரைகள் அங்கேயே நின்றன. திங்கட்கிழமை நல்லரத்தினம் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு நகரத்தில் தன் வங்கிக்குப் போனார். காத்தான்குடி அம்ஜத்திடம் இரண்டு புதிய பந்தல்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். அதற்குப் பணம் எடுக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் பெண் அவருடைய புத்தகத்தை வாங்கினாள், திரையைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போனாள். பிறகு மனேஜர் வந்து அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். மனேஜரின் மகளுடைய கலியாணத்துக்கு இருநூறு கதிரை கொடுத்தவர் நல்லரத்தினம். அதனால் பயமில்லாமல் போய் உட்கார்ந்தார்.

"அண்ணன், கோபிக்கக்கூடாது. உங்கட கணக்க முடக்கியிரிக்கம்" என்றார் மனேஜர்.

"என்னத்துக்கு சேர்?"

மனேஜர் ஒரு தாளை மேசையில் வைத்தார். அரசாங்க அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியின் பிரதி. பயங்கரவாதத்துக்குப் பணமோ வேறு உதவியோ செய்தவர்கள் என்று அரசாங்கம் பெயர் குறித்தவர்களின் பட்டியல். அதில் இருப்பவர்களின் பணம், சொத்து எல்லாம் உடனே முடக்கப்பட வேண்டும். ஒருவரும் அவர்களுக்குப் பணமோ பொருளோ சேவையோ கொடுக்கக்கூடாது. மனேஜரின் விரல் ஒரு வரியில் நின்றது. 'சாமித்தம்பி நல்லரத்தினம், மறுபெயர் ரத்தினம். பிறந்த இடம் மட்டக்களப்பு. பிறந்த திகதி தெரியாது. தற்போதைய முகவரி வெளிநாட்டில்.'

"சாமித்தம்பி என்ட அப்பாதான்" என்றார் நல்லரத்தினம். "நானும் மட்டக்களப்புத்தான். ஆனா நான் வெளிநாட்டில இல்லயே சேர். உங்களுக்கு முன்னால இரிக்கிறன்."

"நீங்க இஞ்ச இரிக்கிறது எனக்குத் தெரியிது. தலைமை அலுவலகத்துக்குத் தெரியாதே. பிழையாத் திறந்துவிட்டா நான்தான் மறியல்ல கம்பி எண்ணணும்."

அந்த நேரம் பியோன் வழக்கம்போல இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். மனேஜர் நல்லரத்தினத்தின் கோப்பையைப் பார்த்தார், வர்த்தமானியைப் பார்த்தார், மெதுவாக அந்தக் கோப்பையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க அண்ணன்" என்றார். இரண்டையும் அவரே குடித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சீதேவிப்பிள்ளை நம்பவில்லை. "நீங்க பயங்கரவாதியா? கரப்பான் பூச்சிக்கே என்னத்தானே கூப்பிடுறீங்க" என்றாள். மறுநாள் காலை கிராம சேவகர் அஜந்தா ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோதுதான் நம்பினாள். அஜந்தாவுக்கு முப்பது வயதிருக்கும். ஊருக்கு மாற்றலாகி வந்து ஐந்து மாதம். அவளுடைய கையில் மேலிடத்திலிருந்து வந்த கடிதம்.

"ஐயா, பணம் மட்டுமில்லயாம். உங்கட அசையும் சொத்தும் முடக்கமாம். நீங்க விக்கவும் வாடகைக்கு விடவும் ஏலா."

"என்ட அசையும் சொத்து கதிரைதானே, புள்ள."

"ஓம் ஐயா, அதத்தான் எழுதியிரிக்காங்க."

கொட்டகையில் இருந்த இருநூற்று அறுபது கதிரைகளையும் பந்தல், கிடாரம், லான்ட்மாஸ்டரோடு சேர்த்துப் பூட்டி, பூட்டின் மேல் தாள் ஒட்டி முத்திரை வைத்தாள். மிச்சம் நூற்றிருபது மயில்வாகனத்தின் முற்றத்தில் நின்றன. அவற்றை என்ன செய்வது? இறந்தவரின் மகன் ரதீஸ் அவற்றைத் திருப்பிக் கொடுத்தால் பட்டியலில் உள்ளவருக்குப் பொருள் கொடுத்த குற்றம். வைத்துக்கொண்டால் அவருடைய சொத்தை ஒளித்து வைத்த குற்றம். அஜந்தா மேலிடத்துக்கு எழுதிக் கேட்டாள். பதில் பத்து நாளில் வந்தது. கதிரைகள் முடக்கத் திகதியில் இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும். அவற்றில் ஆட்கள் இருக்கலாமா என்றும் கேட்டிருந்தாள். உட்காருவது பற்றி ஒழுங்குவிதிகளில் ஒன்றும் குறிப்பிடப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

முடக்கத் திகதியில் கதிரைகள் இருந்த நிலை வரிசையாக, பத்துப் பத்தாக, பிரேதப் பெட்டி வைத்திருந்த பக்கம் பார்த்தபடி. ஒரு மழை நாளில் ரதீஸ் அவற்றை அடுக்கி ஓரமாக வைத்தான். பரிசோதனைக்கு வந்த ஒருவர் தொலைபேசியில் இருந்த பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திரும்பவும் வரிசையில் வைக்கச் சொல்லி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இப்படித்தான் மயில்வாகனத்தின் செத்தவீடு முடியாமல் போனது. வீதியால் போகிறவர்கள் முற்றத்தில் வரிசையாகக் கதிரைகளைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார்கள். தபால்காரரைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? வந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு கதிரையில் இருந்தார்கள். "என்ன நடந்த மனே?" என்று ரதீஸிடம் கேட்டார்கள். அவன் ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிப் பார்த்தான். கதிரை முடக்கம் என்ற கதையை விட அப்பா நெஞ்சு வருத்தத்தில் இறந்த கதையைச் சொல்வது அவனுக்குச் சுகமாக இருந்தது. அவனுடைய மனைவி நிருஷா தேத்தண்ணி போட்டுப் போட்டுக் களைத்தாள்.

நான்காவது மாதம் ரதீஸ் நல்லரத்தினத்தின் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, அப்பாவ நான் மறக்கணும் எண்டு சொல்லயில்ல. ஆனா ஒரு கிழமைக்கு ரெண்டு கிலோ சீனி முடியிது. நேத்து ஒரு கிழவி வந்து தலையில அடிச்சி அழுத. பிறகு பாத்தா அவ வேற வீட்டுக்கு வந்த ஆள்."

"நான் என்ன மனே செய்ய? நான் வந்து ஒரு கதிரையத் தொட்டாலும் குத்தமாம்."

"அப்ப நானே ஆத்தில தள்ளிப்போட்டு வரட்டா?"

"அதும் சொத்த அழிச்சது எண்டு வரும்."

ரதீஸ் நின்றபடியேதான் கதைத்தான். இருக்கச் சொல்ல அங்கே ஒரு கதிரை இல்லை. போய்விட்டான்.

சாப்பாட்டுக்கும் வழி வேண்டும். முடக்கப்பட்ட பணத்திலிருந்து அடிப்படைச் செலவுக்கு மட்டும் எடுக்கலாம், அதற்குக் கொழும்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அஜந்தா கண்டுபிடித்தாள். சீதேவிப்பிள்ளை மாதச் சாமான்களை எழுதிக் கொடுத்தாள். பதில் மூன்று மொழியிலும் வந்தது. அரிசி, பருப்பு, தேங்காய், மருந்து சரி. வெற்றிலை பாக்கு அடிப்படைச் செலவு அல்ல. மீனுக்கு எதிரே ஒரு குறிப்பு: விண்ணப்பதாரி வாவிக்கு அருகில் வசிப்பதால் மீன் வாங்கவேண்டிய காரணம் தெளிவுபடுத்தப்பட வேண்டும்.

"வாவி என்ன என்ட குசினிக்குள்ளயா ஓடுது?" என்று சீதேவிப்பிள்ளை அடுப்படியில் நின்று கத்தினாள். பிறகு தாளை எடுத்து, தன் கணவருக்கு வலை வீசத் தெரியாது, தோணியில் ஏறினால் தலை சுற்றிச் சத்தி எடுப்பார் என்று எழுதினாள். அதை உறுதிப்படுத்த கிராம சேவகரின் கடிதமும் வேண்டும் என்றார்கள். அஜந்தா நேர்மையான பிள்ளை. பார்க்காததை எழுத மாட்டாள். நல்லரத்தினத்தை ஒரு தோணியில் ஏற்றி வாவியில் ஒரு சுற்றுக் கூட்டிப்போனாள். அன்று மாலையே கடிதம் தயார். 'மேற்படி நபர் மீன்பிடிக்க இயலாதவர் என நேரில் கண்டு உறுதிப்படுத்துகிறேன்.' மீனுக்கு அனுமதி வந்தது. இறாலுக்கும் நண்டுக்கும் வரவில்லை.

அயலவர்கள் நல்ல மனம் உள்ளவர்கள், ஆனால் பயந்தவர்கள். பட்டியலில் உள்ளவருக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. அதனால் வேலியோரம் ஒரு ஈரப்பலாக்காயை வைத்துவிட்டு, "இது ஒருத்தருக்கும் இல்ல, சும்மா வைக்கிறன்!" என்று வீதிக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நேரம் கழித்து சீதேவிப்பிள்ளை வெளியே வந்து, "ஆரோ இத விட்டுட்டுப் போயிட்டாங்க போல" என்று அதே சத்தத்தில் சொல்லி எடுத்துக்கொள்வாள்.

நல்லரத்தினத்துக்கு இவையெல்லாம் தாங்கக்கூடியவை. ஒன்றுதான் தாங்கவில்லை. தான் பட்டியலில் உள்ள ஆள் இல்லை என்று ஒரு கடிதம் கேட்டு அஜந்தாவிடம் போயிருந்தார். அவள் வெகுநேரம் படிவங்களைப் புரட்டினாள்.

"நீங்க நீங்கதான் எண்டு எழுத ஒரு படிவம் இரிக்கு ஐயா. நீங்க அவர் இல்ல எண்டு எழுதப் படிவம் இல்ல. அவர நான் கண்டதில்லயே."

அன்று திரும்பி வரும்போது லான்ட்மாஸ்டர் இல்லாமல் நடந்து வந்தவர் நடு வீதியில் நின்றுவிட்டார். அறுபத்தொரு வயதுவரை தன் பெயரைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. இப்போது யாராவது "ரத்தினம்" என்று கூப்பிட்டால் திரும்ப முன் ஒரு கணம் தயங்கினார்.

பட்டியலிலிருந்து பெயரை நீக்கும்படி கொழும்புக்கு விண்ணப்பித்தார். ஆவணியில் நகரத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி, படித்துக் கற்ற தமிழில், மரியாதையாகப் பேசினார்.

"நீங்கள் எப்போதாவது ஏதாவது அமைப்புக்கு உதவி செய்தீர்களா?"

பொய் சொல்லத் தெரியாதவர் நல்லரத்தினம். "ஓம் சேர். கதிரை குடுத்தனான்."

அதிகாரி பேனையை எடுத்தார். "எந்த அமைப்புக்கு?"

"எல்லாத்துக்கும்."

"பெயர் சொல்லுங்கள்."

நல்லரத்தினம் சொன்னார். மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், மூன்று விளையாட்டுக் கழகம், ஐந்து கட்சி, முகாமின் வெசாக், பொலிஸாரின் மரநடுகை. போன வருடம் இதே கட்டடத்தில் நடந்த ஊழல் எதிர்ப்புக் கருத்தரங்கு. "அதில ரெண்டு கதிர திரும்பி வரல்ல சேர்" என்றும் சொன்னார். அதிகாரி திரும்பித் தான் இருந்த கதிரையின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். நீலக் கதிரை, முதுகில் நல்லரத்தினத்தின் பெயர். பேனையை மூடி வைத்தார். அறிக்கை அனுப்புவதாகச் சொன்னார்.

இதற்கிடையில் மயில்வாகனத்தின் முற்றத்தில் வரிசையாக நிற்கும் கதிரைகளை, முதுகில் எழுதிய பெயரும் தொலைபேசி இலக்கமும் தெரிய, யாரோ படம் பிடித்து, நடந்த கதையோடு முகநூலில் போட்டிருந்தார்கள். அது கடல் கடந்து போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சீதேவிப்பிள்ளை மீன் குழம்பை இறக்கும் நேரம், நல்லரத்தினத்தின் தொலைபேசியில் ஒரு வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தார். தடித்த குளிர்ச்சட்டை போட்ட ஒருவர் திரையில் தெரிந்தார். நரைத்த மீசை, முன் வழுக்கை.

"அண்ணன், நான்தான் நல்லரத்தினம்" என்றார் அவர்.

"நானும்தான்" என்றார் இவர்.

"தெரியும் அண்ணன். மன்னிப்புக் கேக்கத்தான் எடுத்தன்." அந்த ஆள் கல்குடாப் பக்கம் பிறந்தவர். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் வெளிநாடு போனவர். இப்போது ஒரு வெதுப்பகத்தில் வேலை. காசு சேர்த்த ஒரு குழுவில் தன் பெயர் இருந்தது, அதனால் பட்டியலில் போட்டுவிட்டார்கள், தனக்கு இலங்கையில் ஒரு சதமும் இல்லை என்றார். "முடக்க என்னிட்ட அங்க ஒண்டுமில்ல அண்ணன். என்ட முடக்கத்தையும் சேத்து நீங்க அனுபவிக்கிறீங்க. நித்திர வருகுதில்ல. ஒரு அம்பதாயிரம் போட்டுவிடட்டா?"

நல்லரத்தினம் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்தார். இதுவரை ஒரு குற்றமும் செய்யாதவர் இப்போது ஓம் என்றால் உண்மையாகவே குற்றவாளி. "ஐயோ வேணாம்! ஒரு சதமும் போட்டுராதீங்க! சுகமா இருங்க!" என்று கத்திவிட்டு அழைப்பைத் துண்டித்தார். சற்று நேரத்தில் அந்த ஆள் ஒரு படம் அனுப்பினார். அழைப்பின்போது திரையைப் படம் பிடித்திருக்கிறார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் இவர்.

சீதேவிப்பிள்ளை அதைப் பார்த்ததும் துள்ளினாள். "இந்தா ஆதாரம்! ரெண்டு பேரும் ஒரே நேரத்தில இரிக்கிறீங்க. நீங்க வேற, அவர் வேற."

"இதக் காட்டினா நான் அவரில்ல எண்டு தெரியும். அவரோட கதைக்கிற ஆள் எண்டும் தெரியும்."

இரண்டு நாள் யோசித்தார். அஜந்தாவிடம் காட்டப்போனார். அவள் விஷயத்தைக் கேட்டவுடன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஐயா, நான் பாக்கல்ல, தயவுசெய்து எடுங்க" என்றாள். மூன்றாம் நாள் இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று முடிவெடுத்து, நகரத்தில் இன்னும் தங்கியிருந்த கொழும்பு அதிகாரியிடமே போனார். நடந்ததை நடந்தபடி சொன்னார். பணம் வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னார். தொலைபேசியை நீட்டினார்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து நல்லரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். கடைசியாக, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"இதில் நீங்கள் யார்?"

நல்லரத்தினம் எட்டிப் பார்த்தார். ஒரே மீசை, ஒரே வழுக்கை. சட்டையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. "குளிர்ச்சட்ட போடாத ஆள் நான் சேர்" என்றார்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினார், முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "வீட்டுக்குப் போங்கள். அந்த ஆளுடைய அழைப்பை இனி எடுக்க வேண்டாம்" என்றார்.

கார்த்திகையில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அஜந்தா வாசித்துச் சொன்னாள். 'பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கோரிய தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தாங்கள் பட்டியலில் குறிப்பிடப்பட்ட நபர் அல்ல. பட்டியலில் இல்லாத ஒருவரை நீக்க இயலாது.'

நல்லரத்தினத்துக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று விளங்கவில்லை. வங்கிக்குக் கொண்டுபோனார். மனேஜர் வாசித்துக் கைகொடுத்தார். பிறகு முகம் மாறியது. "நீக்கப்பட்டது எண்டு கடிதம் இரிந்தாத்தான் திறக்கலாம் அண்ணன். இது நிராகரிச்சது எண்டெல்லோ இரிக்கு." தலைமை அலுவலகத்தோடு பன்னிரண்டு நாள் கடிதப் போக்குவரத்து நடந்தது. முடிவில் முடக்கத்தை எடுத்தார்கள். ஆனால் எட்டு மாதமாக அவர் தன் கையால் பணம் போடவுமில்லை, எடுக்கவுமில்லை. அடிப்படைச் செலவுக்கு வங்கி கொடுத்தது கணக்கில் சேராதாம். அதனால் கணக்கு இயங்காத கணக்காகிவிட்டது. ஏன் இவ்வளவு காலம் பயன்படுத்தவில்லை என்று காரணம் எழுதித் தரும்படி கேட்டார்கள். 'நீங்கள் விடவில்லை' என்று எழுதினார். ஏற்றுக்கொண்டார்கள்.

கதிரைகள் பற்றி மட்டும் எந்தக் கடிதத்திலும் ஒரு சொல் இல்லை. மேலிடத்தைக் கேட்டால் இன்னும் நாலு மாதம் போகும். அஜந்தா ஒருநாள் முழுக்கக் கொழும்புக் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தாள். இவர் ஒருநாளும் பட்டியலில் இல்லை என்றால் அந்தக் கதிரைகள் ஒருநாளும் முடக்கப்படவில்லை. முடக்கப்படாததை விடுவிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாளில் 'கதிரைகளை எடுக்கலாம்' என்று தன் கையால் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தினாள்.

மறுநாள் காலையில் நல்லரத்தினம் கொட்டகையைத் திறந்து, லான்ட்மாஸ்டரை எடுத்து வந்து மயில்வாகனத்தின் வாசலில் நிறுத்தினார். வெயிலும் மழையும் பட்டு நீலம் வெளிறியிருந்தது. சில கதிரைகளின் காலைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. அவரும் ரதீஸும் பின்வரிசையிலிருந்து ஏற்றத் தொடங்கினார்கள். நிருஷா வாசல் படலையில் நின்று, வீதியால் போகிறவர்களிடம் "எல்லாம் முடிஞ்சி, எல்லாம் முடிஞ்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று வரிசை ஏற்றியபோதுதான் முன் வரிசையில் ஒருவர் இருப்பதைக் கண்டார்கள். எப்போது உள்ளே வந்தாரோ தெரியாது. பனிச்சங்கேணியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவராம். நேற்றுத்தான் கேள்விப்பட்டாராம்.

"நான் இஞ்ச இரிந்த காலத்தில, துபாயில இரிந்த என்ட மகள்ற கடிதத்த அவர்தான் கொண்டாந்து தாற" என்றார் அவர். "எனக்கு வாசிக்கத் தெரியா. வெயிலுக்க நிண்டு முழுக்க வாசிச்சிக் காட்டிட்டுத்தான் போவார். அவசரம் எண்டு ஒருநாளும் சொன்னதில்ல."

ரதீஸுக்கு இந்தக் கதை தெரியாது. கையில் பிடித்திருந்த இரண்டு கதிரைகளையும் கீழே வைத்தான். நிருஷா படலையை விட்டுவிட்டு, குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைத்தாள்.

நல்லரத்தினம் லான்ட்மாஸ்டரின் என்ஜினை நிறுத்தினார். வந்து அந்த மனிதருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"கடிதத்தில என்ன எழுதுவா உங்கட மகள்?" என்று கேட்டார்.